பெஞ்சில் ஒழுகாத பம்ப்

“மறுபடியும் ஒழுகுது, அம்மிணி.”

சென்னியப்பன் பம்பைப் பெஞ்சின் மேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டார்.

சுகந்தி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாயில் கடலை மிட்டாய் இருந்தது.

“காதுல விழுதா? ஒழுகுதுங்கறேன்.”

“விழுதுங்ணா.”

“ஏன் ஒழுகுது?”

அவள் மிட்டாயை மென்று முடித்தாள். பனியன் வேஸ்ட் துணியில் விரலைத் துடைத்தாள். பம்பை எடுத்துச் சோதனைப் பெஞ்சில் மாட்டி, எண்ணெய் ஊற்றி, மோட்டாரைப் போட்டாள். அடியில் வெள்ளைக் காகிதம் ஒன்றை விரித்தாள்.

பம்ப் ஓடியது. வயிறு நிறைந்த பூனை தூங்குகிற மாதிரி ஒரு சின்ன உறுமல். அவள் வால்வைத் திருகினாள். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறியது. விட்டாள். முள் இறங்கியது. மறுபடி ஏற்றினாள், மறுபடி விட்டாள்.

காகிதத்தில் ஒரு சொட்டுக் கூட இல்லை.

“பெஞ்சில ஒழுகலீங்ணா.”

“என் கார்ல ஒழுகுதே!”

“பெஞ்சில இல்லாதது கார்ல என்ன இருக்கு?”

சென்னியப்பனுக்கு மூக்கு சிவந்தது. கோபம் வந்தால் அவருக்கு முதலில் சிவப்பது மூக்குதான்.

“இதென்ன விடுகதையா?”

“இல்லீங்ணா. வேலை.”

அடுத்த மிட்டாயைப் பிரித்தாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

*

சென்னியப்பன் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில் மூடினால், கேட்டில் பூட்டு தொங்குவதற்கு முன்னால் அங்கே நிற்பவர் அவர். பழைய மெஷின்களை வாங்கி விற்பது தொழில். மீசை முளைக்கும் முன்பே மூட்டை தூக்கி, அடி வாங்கி, ஏமாந்து, அப்புறம் யாரிடமும் ஏமாறுவதில்லை என்று முடிவு செய்து மேலே வந்த மனிதர்.

பேரத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. விலை சொன்னவன் கடைசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு படி இறங்குவான். இன்னொரு படி இறங்கு என்பார். இறங்குவான். இறங்கி முடித்ததும், அந்த ஏணியையும் கொடுத்துவிட்டுப் போ என்பார்.

அந்தக் கார் அப்படி வந்ததுதான். ஒரு மில்லின் மெஷின்களைப் பேசி முடித்த பிறகு, “அந்தக் கொட்டாயில தார்பாலின் போட்டு மூடியிருக்கே, அது என்னுங்க?” என்று கேட்டார். மில்காரர் அழாத குறையாக, “அதையும் எடுத்துட்டுப் போய்த் தொலைங்க” என்றார்.

தார்பாலினுக்கு அடியில் ஒரு பழைய அமெரிக்கக் கார். பாசிப்பயறு நிறம். பஸ் நீளம். பின்பக்கம் மீனுக்கு இருப்பது போல ரெண்டு துடுப்பு. எஞ்சின் ஓடியது. ஆனால் பவர் ஸ்டியரிங் பம்ப் செத்துக் கிடந்தது. அந்தக் காரைத் திருப்ப ரெண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இன்னொருவர் பிடித்தவருக்குத் தைலம் தேய்க்க.

அது பாட்டுக்கு வாசலில் நின்றிருந்தால் வம்பில்லை.

அவர் மகள் மேகலாவுக்கும் பொள்ளாச்சி தரணிக்கும் ஒருவரையொருவர் பிடித்துப் போயிருந்தது. பையனின் அப்பா குழந்தைவேலு, கொப்பரை வியாபாரி. பேசவே வந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கிளம்பும்போது சென்னியப்பன் காரைக் காட்டினார். காட்டாமல் இருந்திருக்கலாம்.

குழந்தைவேலு சுற்றி வந்து பார்த்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அமைதியாகக் கேட்டார்.

“நிக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. திரும்புமுங்களா?”

மூக்கு சிவந்தது.

“திரும்புமாவா? என்ன கேட்டீங்க? திரும்புமாவா? இதை என் கையாலயே ரிப்பேர் பண்றேன். கூலிக்கு ஆள் வெச்சு இல்ல, என் கையால! நானே ஓட்டிட்டு வந்து உங்க களத்துல ஒரு வட்டம் அடிச்சு நிறுத்தறேன். அதுக்கப்பறந்தான் கல்யாணப் பேச்சு!”

கேட்டதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் போதும்.

குழந்தைவேலு தோள் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

“அப்படியே ஆகட்டுங்க. வண்டி வரட்டும், பேசிக்கலாம். ஆடி பொறந்துட்டா எங்கூட்டுல நல்ல பேச்சு எடுக்க மாட்டோம். ஆவணியில பையன் வெளிநாட்டு வேலைக்குப் போயிருவான். பாத்துக்குங்க.”

போய்விட்டார்.

மேகலா அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, ஊர்ல பொண்ணுங்க கல்யாணம் ஜாதகத்துல மாட்டும். என் கல்யாணம் பம்ப்ல மாட்டியிருக்குதுங்கப்பா.”

*

சுகந்திக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சென்னியப்பனுக்கு மகள் வயதில்லாவிட்டாலும் கடைசித் தங்கை வயது. முன்பு ஒரு பஸ் கம்பெனியில் ஹைட்ராலிக் பிரிவில் இருந்தாள். மேனேஜரோடு சண்டை போட்டு வெளியே வந்து, சிங்காநல்லூரில் ஒரு தகரக் கொட்டாய் போட்டாள். எங்கெங்கோ பழைய கார் வைத்திருப்பவர்கள் தங்கள் பம்பைப் பார்சல் கட்டி அவளுக்கு அனுப்புவார்கள்.

வாயில் எந்நேரமும் கடலை மிட்டாய் இருப்பதால் பேச்சு குறைவு. வெளியூர்க்காரர்கள் அதை ஞானம் என்று நினைத்துக்கொண்டார்கள். சபதம் போட்ட கையோடு சென்னியப்பன் செத்த பம்பைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

“விட்டுட்டுப் போங்ணா. சரி பண்ணி வெக்கறேன்.”

“அது ஆகாது. என் கையால பண்ணணும். எனக்குக் கத்துக் குடு.”

“சரிங்ணா.”

“எத்தனை நாள் ஆகும்?”

“ஆகறப்ப ஆகும்.”

“இந்தப் பேச்சே வேண்டாம். பாதி நாள்ல முடிச்சுக் குடு.”

“சரிங்ணா. பாதி பம்ப் கத்துத் தரேன்.”

சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டு சட்டைக் கையை மடித்தார். யாரிடமும் இவ்வளவு சீக்கிரம் அவர் வாயை மூடியதில்லை.

*

முதலில் பழகுவதற்கென்று ஒரு செத்த பம்பைக் கொடுத்தாள். அதன் தலையில் இருந்த புல்லியைக் கழற்றச் சொன்னாள்.

“சுத்தி குடு.”

கொடுத்தாள்.

அடித்தார். வரவில்லை. பலமாக அடித்தார். வரவில்லை. மில்காரர்கள், தரகர்கள், முன்பு தன்னை ஏமாற்றின ஒரு லாரிக்காரன் என்று ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு அடித்தார். புல்லி வளைந்து ஆப்பம் மாதிரி ஆனது. அப்போதும் வரவில்லை.

சுகந்தி இன்னொரு செத்த பம்பை எடுத்து வைத்தாள். கூடவே புல்லியை இழுத்தெடுக்கிற புல்லரையும் வைத்தாள். மூன்று கால், நடுவில் ஒரு திருகு. அவ்வளவுதான்.

மாட்டித் திருகினார். மெதுவாக, கால் திருகு, அரைத் திருகு. புல்லி அலுங்காமல் கையில் வந்து உட்கார்ந்தது.

“இது இருக்கறப்ப எதுக்கு என்னை அப்படி அடிக்க விட்டே?”

“நீங்க சுத்திதான கேட்டீங்க?”

*

புல்லிக்குப் பிறகு தகடுகள்.

பம்பின் வயிற்றுக்குள் ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றி வெட்டின பள்ளமாகக் காடிகள். ஒவ்வொரு காடியிலும் விரல் நகம் அளவு ஒரு இரும்புத் தகடு. சக்கரம் சுற்றும்போது தகடுகள் வெளியே தள்ளிக்கொண்டு வந்து எண்ணெயை அள்ளும். தகட்டின் ஒரு ஓரம் உருண்டை, இன்னொரு ஓரம் தட்டை. உருண்டை ஓரம்தான் வெளியே பார்க்க வேண்டும்.

சென்னியப்பன் அள்ளிப் போட்டு மூடினார்.

“பாத்துப் போட்டீங்களாண்ணா?”

“எந்தப் பக்கம் போட்டா என்ன? இரும்பு இரும்புதானே!”

சுகந்தி எழுந்து வெளியே போய்விட்டு வந்தாள்.

சென்னியப்பன் டீ குடிக்கக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். என்னவோ செய்தது. ரெண்டு எட்டில் கட்டைவிரல் இடித்தது. மூணாவது எட்டில் தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். இடது கால் செருப்பு வலது காலில் இருந்தது.

செருப்பை வாசலில் அடுக்கி வைத்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

திரும்பிப் பார்த்தார். சுகந்தி உள்ளே எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும் செருப்புதானுங்ணா,” என்றாள்.

அவர் டீ குடிக்கப் போகவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து பம்பைப் பிரித்தார். ஒவ்வொரு தகட்டையும் நகத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துப் போட்டார்.

இப்படியே சீல் மாற்ற, ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போட, வால்வு கழுவ, ஸ்பிரிங் பார்க்க என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ளும்போது கத்தினார், சபித்தார், ஒரு நாள் கோபித்துக்கொண்டு போய் மறுநாள் காலையில் தானே திரும்பி வந்தார். கடைசியில் தன்னுடைய பம்பையே பிரித்துச் சேர்த்தார். பெஞ்சில் ஓட்டிப் பார்த்த சுகந்தி மிட்டாய்ப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவளிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

காரில் மாட்டினார். ஓட்டினார்.

ஒழுகியது.

*

பெஞ்சில் இல்லாதது காரில் என்ன இருக்கு?

சென்னியப்பன் இதையே நினைத்தார். சாப்பிடும்போது நினைத்தார். குளிக்கும்போது நினைத்ததில் ஒரு தடவை முகத்துக்கு இரண்டு முறை சோப்புப் போட்டார்.

“பெல்ட்!” என்று ஓடி வந்தார். “பெஞ்சில பெல்ட் இல்ல. கார்ல இருக்கு.”

“மாத்திப் பாருங்ணா.”

மாற்றினார். ஒழுகியது.

“ஹோஸ்! நம்ம ஹோஸ் பழசு.”

“மாத்திப் பாருங்ணா.”

புது ஹோஸ் வாங்கி வந்து பெருமையாகக் காட்டினார்.

“கடைக்காரன் தலைகீழா நின்னான், அம்மிணி. நான் சொன்ன விலைக்கே வந்துட்டான். வந்தப்புறம், ரெண்டு கிளாம்ப் சும்மா குடுன்னேன். குடுத்தான். அப்புறம் அவன் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு கத்தரிக்கோல் இருந்துச்சு, அதையும் கேட்டேன்.”

“குடுத்தாரா?”

“எறிஞ்சான். இனிமே என் கடைப் பக்கம் வராதீங்கன்னான்.” சென்னியப்பன் சிரித்தார். “பேரம்னா அப்படி இருக்கணும்.”

சுகந்தி கத்தரிக்கோலைப் பார்த்தாள். ஹோஸைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“மாட்டுங்ணா,” என்றாள்.

மாட்டினார். காரைத் தெருவுக்கு எடுத்தார். கொட்டாய்க்கு முன்னால் தெரு குறுகல். அங்கே வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கைக் கடைசி வரைக்கும் ஒடிக்க வேண்டும். அவர் ஒடித்தார். பம்ப் வீலென்று கத்தியது. தினமும் கத்தியது. எதிர்வீட்டுக் கிளி அந்தச் சத்தத்தைக் கற்றுக்கொண்டு, மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது திருப்பிச் சொன்னது.

“கத்துதுங்ணா,” என்றாள் சுகந்தி, வாசலில் நின்று.

“பவர் இருக்கறது கத்தத்தான் செய்யும். நான் கத்தறதில்லையா?”

போய்விட்டு வந்தார். ஒழுகியது.

எண்ணெயை மாற்றினார். ஒழுகியது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒழுகியது. கடைசியில் ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார்.

“திருஷ்டி, அம்மிணி. பெஞ்சை யார் கண்ணு வெக்கப் போறாங்க? காரை ஊரே கண்ணு வெக்குது.”

சக்கரத்துக்கு ஒன்றாக நசுக்கிவிட்டு ஊரைச் சுற்றி வந்தார். ஒழுகிக்கொண்டே வந்தார். மீதிப் பழத்தைப் பிழிந்து சுகந்தி சர்பத் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு டம்ளர் வைத்திருந்தாள்.

*

ஆனி முடியப் போகிற சமயம் மேகலா கொட்டாய்க்கே வந்துவிட்டாள்.

அப்பா காருக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் காலிடம் பேசினாள்.

“அப்பா, தரணிக்கு விசா வந்துருச்சுங்க.”

கால் அசையவில்லை.

“ஒரு போன் பண்ணுங்கப்பா. வண்டி சரியாகல, நாங்க பஸ்ல வரோம்னு சொல்லுங்க. அவங்க அப்பா கேப்பாங்க. நல்லவங்க.”

“அது தோத்த மாதிரி கண்ணு.”

“யாரு தோத்த மாதிரி?”

“நான்.”

“இல்லீங்கப்பா. நீங்க எப்பவும் ஜெயிச்சிட்டுத்தான் இருக்கறீங்க. தோக்கறது பூராவும் நான்.”

கால் விரல்கள் மடங்கின. காருக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்த சத்தம் கேட்டது. எங்கே விழுந்தது என்று தெரியாது. அவர் முகத்திலாக இருக்கலாம்.

மேகலா சுகந்தியிடம் திரும்பினாள்.

“அக்கா, இவரு தேறுவாரா?”

“பம்ப் தேறிடுச்சுங்க,” என்றாள் சுகந்தி.

மகள் போன பிறகு சென்னியப்பன் வெளியே வந்தார். முகம் பூராவும் எண்ணெய். மூக்கு மட்டும் சிவக்கவில்லை.

“அம்மிணி, உங்கால்ல வேணும்னாலும் விழறேன். அது என்னன்னு உனக்குத் தெரியும். சொல்லிப்போடு.”

“சொன்னா நம்ப மாட்டீங்க.”

“நம்பறேன்.”

“பாதி நம்புவீங்க. மீதிக்குப் பேரம் பேசுவீங்க.”

அவர் மறுக்க வாயெடுத்தார்.

சுகந்தி எழுந்து, அவர் பம்பைக் கழற்றி, ஹோஸ் பூட்டும் வாய்ப்பக்கத்து ஓ-ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டு, மாட்டினாள். இல்லை, எல்லாவற்றையும் அவர் கையால் செய்ய வைத்தாள். சபதம் அவருடையது.

“நாளைக்குப் பொள்ளாச்சி போலாங்ணா. நானும் வரேன்.”

“ஒழுகுமே!”

“பெஞ்சில இருந்த மாதிரியே இருந்தா ஒழுகாது.”

*

காலையில் அவர் வீட்டிலிருந்து, அகலத் தெருவில் நேராகக் கிளம்பினார்கள். மேகலா வாசலில் நின்று கையைக் கூடக் காட்டவில்லை. காட்டினால் ராசி கெட்டுவிடும் என்று பயந்த மாதிரி நின்றாள்.

பொள்ளாச்சி ரோடு நேர் ரோடு. கார் மிதந்தது. சென்னியப்பன் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். லாரிக்காரர்கள் வழிவிட்டுப் பார்த்தார்கள். டூவீலர்க்காரர்கள் பக்கத்தில் வந்து போட்டோ எடுத்தார்கள். கிணத்துக்கடவில் நிறுத்தி, இறங்கி, அடியில் எட்டிப் பார்த்தார்.

காய்ந்து கிடந்தது.

“அம்மிணி! ஒழுகல!”

சுகந்தி முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேலுவின் கொப்பரைக் களம் ஒரு சின்ன மைதானம் அளவு இருந்தது. வண்டி வருகிறது என்று மேகலா தரணிக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள் போல. தேங்காய்களை ஓரமாக ஒதுக்கிச் சிமெண்டுத் தரையைக் கூட்டி வைத்திருந்தார்கள்.

சென்னியப்பன் களத்துக்குள் நுழைந்தார். அகலமாக, அவசரமில்லாமல், ஒரு பெரிய வட்டம் அடித்தார். அடித்துக் குழந்தைவேலுவின் காலடியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வேலையாட்கள் கை தட்டினார்கள். குழந்தைவேலுவும் தட்டினார்.

“திரும்பிடுச்சுங்க. உங்க கையால பண்ணினதா?”

“என் கையால. வேணும்னா இவங்களைக் கேளுங்க.” முன்சீட்டில் இருந்த சுகந்தியைக் காட்டினார்.

“கேக்க வேண்டியதில்லீங்க. நகமே சொல்லுது. அந்தப் பம்ப் எதுங்க? சித்த காட்டுங்க, பாக்கலாம்.”

பானெட்டைத் தூக்கினார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் தலையை உள்ளே விட்டுக் குனிந்து நின்றார்கள். தரணி பக்கத்தில் போனோடு நின்றான். போனில் மேகலா.

“இத்தினியூண்டா இருக்குது,” என்றார் குழந்தைவேலு, நிஜமாகவே வியந்து. “சரிங்க. நான் கேட்டது தப்புத்தான். தேதி நீங்க சொன்ன தேதி. மண்டபம் உங்க ஊர் மண்டபம். சமையலுக்கும் உங்க ஆளே வரட்டும். போதுமுங்களா?”

எல்லாம் வந்துவிட்டது. கேட்டது, கேட்க நினைத்தது, கேட்டால் கிடைக்காது என்று விட்டது, எல்லாம்.

சென்னியப்பனுக்கு உடம்பு சூடேறியது. எதிராளி இறங்குகிறான். இது அவருக்குத் தெரிந்த இடம். இங்கே நிற்கக் கூடாது.

“பத்திரிகையில எங்க பேருதான் முதல்ல.”

“சரிங்க.”

“மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியிலதான். நான்தான் ஓட்டுவேன்.”

“சரிங்க.”

“நீங்க பின்சீட்டு.”

குழந்தைவேலு கொஞ்சம் யோசித்தார். “சரி...ங்க.”

போனில் மேகலாவின் குரல் கேட்டது. “தரணி, என்னாச்சு? அப்பா என்ன சொல்றாரு?”

“அப்பறம் ஒண்ணு,” என்றார் சென்னியப்பன். “திரும்புமான்னு கேட்டீங்கல்ல? அழைப்பு நடக்கறப்ப நாலு பேருக்கு முன்னால மைக்கைப் புடிச்சு, கேட்டது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

ஓரத்தில் தேங்காய் ஒதுக்கினவர்கள் கிட்டே வந்து நின்றார்கள்.

“மைக்குங்களா,” என்றார் குழந்தைவேலு.

தோள் துண்டை எடுத்தார். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். தரணிக்கு முகம் வெளுத்தது. துண்டு தோள் மாறினால் அப்பா அடுத்து என்ன செய்வார் என்று அவனுக்குத் தெரியும். திரும்பி வீட்டுக்குள் போவார். போனால் அழைத்து வர முடியாது.

“தரணி? என்ன மைக்? எந்த மைக்?”

அப்போதுதான் சுகந்தி முன்சீட்டில் நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். திருப்பினாள். மெதுவாக, கடைசி வரைக்கும். முட்டும் வரைக்கும் திருப்பி, முட்டின பிறகும் விடாமல் அழுத்திப் பிடித்தாள்.

பம்ப் வீலென்று கத்தியது.

குழந்தைவேலு காதைப் பொத்தினார். காக்கைகள் கொப்பரையை விட்டுப் பறந்தன. சென்னியப்பன் பம்ப்புக்கு நேர் மேலே முகத்தை வைத்திருந்தார். இத்தனை நாளும் அது கத்தும்போது அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார். இங்கிருந்து பார்த்ததில்லை.

ஹோஸ் பூட்டின வாயில், அந்தப் புது ஓ-ரிங் ஓரத்தில், முத்து மாதிரி எண்ணெய் கசிந்து எழும்பியது.

“நிறுத்து அம்மிணி! என்ன பண்றே?”

“திருப்பறேங்ணா!”

“அதான் திரும்பிடுச்சே!”

“இன்னும் கொஞ்சம் வருமான்னு பாக்கறேங்ணா!”

“வராது! கடைசி வரைக்கும் வந்துருச்சு!”

“சும்மா அமுக்கிப் பாக்கறேங்ணா!”

முத்து பெரிதாகிக்கொண்டே வந்தது.

“ஒழுகுது! விடு! அது எவ்வளவு வரணுமோ அவ்வளவும் வந்துருச்சு, அதுக்கு மேலயும் விடாம அமுக்கினா அது என்னதான் பண்ணும்? விடு அம்மிணி!”

விட்டாள்.

சத்தம் நின்றது. பம்ப் பூனை மாதிரி உறுமத் தொடங்கியது. முத்து இருந்த இடத்திலேயே நின்றது. விழவில்லை.

சென்னியப்பன் குனிந்தபடியே இருந்தார். பம்பைப் பார்த்தார். பானெட்டின் அடி இடுக்கு வழியாக, ஸ்டியரிங்குக்குப் பின்னால் மிட்டாய் மெல்லுகிற சுகந்தியைப் பார்த்தார். தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் நிமிர்ந்து, தோளில் துண்டு மாற்றி நிற்கிற மனிதரைப் பார்த்தார்.

“ஏனுங்க,” என்றார் குழந்தைவேலு. “மைக்குல என்னமோ சொல்லணும்னீங்களே?”

“எந்த மைக்குங்க, சம்பந்தி?”